தொ. பரமசிவனின் ஆய்வுகள்: அழகர் கோயிலை மையமிட்டு விடைபெறாத வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020) கோயிலாய்வு, நாட்டார் வழக்காறு, பண்பாட்டு வரலாறு, சொல்லாய்வு எனப் பல துறைகளில் எழுதியவர். மதுரைக்கு வடக்கே அமைந்த அழகர் கோயிலைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடே அவர்தம் பிற்கால எழுத்துகளுக்கு அடிப்படை. அவ்வேட்டிலும் பிந்தைய சிறுகட்டுரைகளிலும் அவர் முன்வைத்த கருதுகோள்கள் பல, சோதிக்கப்படாமலேயே நிறுவப்பட்ட முடிவுகளாக இன்று மேற்கோள் காட்டப்படுகின்றன. அக்கருதுகோள்களை மீண்டும் ஆய்வு வினாக்களாக வடிவமைத்து, அவற்றைச் சோதிப்பதற்குரிய சான்று வகைகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: தொ. பரமசிவன், அழகர் கோயில், சித்திரைத் திருவிழா, தேனூர், துலுக்க நாச்சியார், கள ஆய்வு, பண்பாட்டு வரலாறு.

முன்னுரை

தமிழ்ப் பண்பாட்டாய்வில் கடந்த முப்பதாண்டுகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட பெயர்களுள் தொ. பரமசிவனின் பெயரும் ஒன்று. பாளையங்கோட்டையில் பிறந்த அவர், மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றார். ‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வேடு மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக 1989இல் நூல்வடிவம் பெற்றது. ‘தெய்வங்களும் சமூக மரபுகளும்’ (1995), ‘அறியப்படாத தமிழகம்’ (1997), ‘பண்பாட்டு அசைவுகள்’ (2001) ஆகியன அவரைப் பல்கலைக்கழக எல்லைக்கு வெளியே கொண்டுசென்றன. 2020 திசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருடைய எழுத்தின் பரப்பு விரிவானது. பெருங்கோயில், சிறுதெய்வம், உப்பு, உணவு, உடை, உறவுப்பெயர், விளையாட்டு, நிறம், சடங்கு, பக்தி இலக்கியம், திராவிட இயக்கச் சிந்தனை என்பன அதனுள் அடங்கும். பெரியாரிய நோக்கு உடையவராகவும் ஆழ்வார் பாசுரங்களில் தோய்ந்தவராகவும் ஒருசேர இருந்தமை அவருடைய தனித்தன்மை. இப்பரப்பைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவுள. அவர் கூறியவற்றுள் எவை சான்றுகளால் நிறுவப்பட்டவை, எவை தகுந்த ஊகங்கள், எவை இன்னும் ஆராயப்பட வேண்டியவை என்று பகுத்துக் காணும் முயற்சிகள் அந்த அளவிற்கு இல்லை. இதனால் நேர்ந்துள்ள விளைவு கருதத்தக்கது. பட்ட ஆய்வேடுகளில் ‘தொ.ப. கூறுவார்’ என்னும் தொடர் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, அவர் தொடங்கிவைத்த ஆய்வு அவரோடு நின்றுவிடுகிறது. இந்நிலையில், அவருடைய முதன்மைக் களமாகிய அழகர் கோயிலிலிருந்து நான்கு வினாக்களையும், சிறுகட்டுரைகளிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வேடும் சிறுகட்டுரையும்

தொ. பரமசிவனின் எழுத்தில் இருவேறு முறையியல்கள் உள்ளன. முதலாவது, ஆய்வேட்டின் முறை. கோயில் என்பது கட்டடமும் கல்வெட்டும் தலபுராணமும் மட்டுமன்று, அதனைச் சூழ வாழும் மக்கள் கூட்டங்களின் உறவுத் தொகுதியும் ஆகும் என்பது அவ்வேட்டின் அடிப்படை நிலைப்பாடு. இதற்கேற்பக் கோயிலுக்கும் கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகிய சாதியினருக்கும் உள்ள தொடர்புகள் தனித்தனியே ஆராயப்பட்டன. ஆண்டார் என்னும் ஆசாரிய மரபினரும் அவர்க்குக் கீழமைந்த சமயத்தாரும் நாட்டுப்புற அடியார்களைக் கோயிலோடு பிணைத்த முறை விளக்கப்பட்டது. வர்ணிப்புப் பாடல்களும் பதினெட்டாம்படிக் கருப்பசாமி வழிபாடும் பெருங்கோயில் ஆய்வுக்குள் இடம்பெற்றன. கோயிலாய்வு என்றால் கட்டடக் கலையும் கல்வெட்டும் என்றிருந்த சூழலில், திருவிழாக் கூட்டத்தையே ஆவணமாகக் கருதிய இம்முறை புதிது.

இரண்டாவது, சிறுகட்டுரையின் முறை. இரண்டு மூன்று பக்கங்களில், அன்றாடப் பொருள் ஒன்றைத் தொடங்குபுள்ளியாகக் கொண்டு, இலக்கியக் குறிப்பு, வழக்காறு, சொல், சடங்கு ஆகியவற்றை இணைத்து ஒரு சமூக வரலாற்று முடிவை நோக்கி அது நகர்கிறது. அடிக்குறிப்புகள் இல்லை. தகவலாளி, இடம், காலம் பற்றிய பதிவுகள் அரிது. பொது வாசகரை நோக்கிய எழுத்தில் இது குறையாகாது. பல்லாயிரம் வாசகர்களைத் தம் சொந்த வீட்டுப் புழங்கு பொருள்களைப் புதிதாகக் காணச் செய்த எழுத்து அது. ஆயின், அச்சிறுகட்டுரைகளை ஆய்வுலகம் ஆய்வேட்டுக்கு நிகரான சான்றாக எடுத்தாளும்போது சிக்கல் எழுகிறது. ஆய்வேட்டில் படிப்படியாக வாதிக்கப்பட்டது சிறுகட்டுரையில் ஒரு வரியாகச் சுருங்குகிறது. அந்த ஒரு வரியே பின்னர் மேற்கோளாகப் பரவுகிறது. அவருடைய கருதுகோள்களை மதிப்பிடுவோர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு கூற்று இவ்விரண்டில் எந்த முறையிலிருந்து வந்தது என வேறுபடுத்துவதாகும்.

வினா 1: அழகர் கோயில் பௌத்தப் பள்ளியாக இருந்ததா?

அழகர் கோயில் பழங்காலத்தில் பௌத்தக் கோயிலாக இருந்திருக்கலாம் என்னும் கருத்தை மயிலை சீனி. வேங்கடசாமி முன்வைத்தார். ‘பௌத்தமும் தமிழும்’ (1940) என்னும் அவருடைய நூல், பிற்காலச் சமயங்களுள் கரைந்துபோன பௌத்தத் தடங்களைத் தேடுவோர்க்கு வழிகாட்டியது. தொ. பரமசிவன் இக்கருத்தை ஏற்றுக் கூடுதல் சான்றுகளால் வலுப்படுத்த முயன்றார். கருவறை வட்ட வடிவில் அமைந்திருத்தல், அடியார்கள் முடி மழித்து வழிபடும் வழக்கம் முதலியவை இவ்வாதத்தில் இடம்பெறுகின்றன.

இவற்றைத் தனித்தனியே நோக்கும்போது ஒவ்வொன்றும் வேறு விளக்கத்திற்கும் இடம் தருகிறது. இராசத்தானத்துப் பைராட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மௌரியர் காலப் பௌத்தக் கோயில் வட்ட வடிவினது என்பது உண்மை. எனினும் கேரளத்தில் வட்டக் கருவறை கொண்ட சைவ, வைணவக் கோயில்கள் மிகப் பல. வட்ட வடிவத்தை மட்டும் கொண்டு சமயத்தைத் தீர்மானிக்க இயலாது. இன்றுள்ள சோமசந்த விமானத்தின் வட்டம் முந்தைய அடித்தளத்தின் தொடர்ச்சியா, பிற்காலச் சிற்ப நூல் மரபின் தெரிவா என்பது கட்டடத் தொல்லியல் தீர்க்க வேண்டிய சிக்கல். முடி மழித்தலும் பல சமயங்களுக்குப் பொதுவான நேர்த்திக்கடன்.

இலக்கியச் சான்றுகளும் இக்கருதுகோளுக்கு எளிதில் இணங்குவன அல்ல. பரிபாடலின் 15ஆம் பாடல் இருங்குன்றத்தைத் திருமாலும் பலதேவனும் உறையும் மலையாகப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, மதுரைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றில் திருமால்குன்றத்தையும் அங்குள்ள பிலத்தையும் மூன்று பொய்கைகளையும் குறிப்பிடுகிறது. பௌத்தப் பள்ளியொன்று பக்தி இயக்கக் காலத்தில் வைணவத் தலமாக மாறியது என்று கொள்வோமாயின், அதற்கு முந்தியதாகக் கருதப்படும் பரிபாடல் சான்றை எவ்வாறு விளக்குவது? பள்ளியும் கோயிலும் ஒரே மலையில் அருகருகே இருந்தன என்று கொள்ளலாம். மதுரைக்காஞ்சி மதுரை நகரில் பௌத்த, சமண, அந்தணப் பள்ளிகளை அடுத்தடுத்துக் காட்டுவது இத்தகைய உடனிருப்புக்குச் சான்று. அவ்வாறாயின் ‘மாற்றம்’ என்னும் சொல்லை விட்டு ‘உடனிருப்பு’ என்னும் சொல்லுக்கு ஆய்வு நகர வேண்டியிருக்கும்.

மேலும் முதன்மையான தடை தொல்லியல் வகையில் எழுகிறது. அழகர்மலைத் தொடரில் கிடாரிப்பட்டியை ஒட்டிய குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர், வெல்லப்பாகு விற்கும் பாணித வணிகர் முதலியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர். அதே இடத்தில் பிற்காலத் தீர்த்தங்கரர் உருவமும் அச்சணந்தியின் பெயர் தாங்கிய வட்டெழுத்தும் காணப்படுகின்றன. மாங்குளம், கீழவளவு, கருங்காலக்குடி என மதுரைச் சமவெளியைச் சூழ்ந்த குன்றுகளின் குகைத்தளங்களை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சமணத்தோடு இணைத்துள்ளனர். அரிட்டாபட்டி என்னும் ஊர்ப்பெயரைப் பௌத்தத் துறவி அரிட்டரோடு மயிலை சீனி. வேங்கடசாமி இணைத்துக் காட்டினாலும், அங்கும் தீர்த்தங்கரர் உருவமே கிடைக்கிறது. ஆகவே அழகர்மலையில் வைணவத்துக்கு முற்பட்ட துறவுச் சமயம் ஒன்று இருந்தது என்பதற்குச் சான்று உறுதியாக உண்டு. அது பௌத்தம் என்பதற்கான சான்று உய்த்துணர்வின் அளவிலேயே உள்ளது. சமணச் சான்று மலையின் ஒரு புறத்தில் இவ்வளவு தெளிவாக இருக்க, கோயில் அமைந்த புறத்தில் பௌத்தத்தைத் தேடுவதற்கான காரணத்தை இக்கருதுகோளை ஏற்பவர் கூற வேண்டும். மலையின் இருபுறங்களையும் ஒரே ஆய்வுப் பரப்பாகக் கொண்ட நில அளவாய்வு இதற்கு முதல் தேவை.

வினா 2: ‘கள்ளழகர்’ என்னும் பெயர் எங்கிருந்து வந்தது?

சித்திரைத் திருவிழாவுக்காக மதுரை நோக்கிப் புறப்படும் அழகர் கள்ளர் திருக்கோலம் பூணுகிறார். இக்கோலத்தையும் பெயரையும் கோயிலுக்கும் கள்ளர் சமூகத்துக்கும் இடையே நிலவிய உறவின் வெளிப்பாடாகத் தொ. பரமசிவன் ஆராய்ந்தார். அழகர் செல்லும் வழி கள்ளர் நாட்டின் ஊர்களினூடே செல்வது. பெருஞ்செல்வத்தோடு புறப்படும் கோயில் அவ்வழியில் வாழும் மக்களோடு ஏதேனும் ஓர் உடன்பாட்டுக்கு வராமல் இயங்கியிருக்க முடியாது என்னும் அவருடைய அணுகுமுறை சமூக வரலாற்று நோக்கில் வலுவானது. தெய்வத்தின் ஒப்பனை ஓர் உடன்பாட்டின் சின்னமாக இருக்கலாம் என்று காட்டியது அவருடைய முதன்மையான பங்களிப்புகளுள் ஒன்று.

எனினும் பெயரையும் கோலத்தையும் வேறுபடுத்தி ஆராய வேண்டியுள்ளது. திருவாய்மொழியில் நம்மாழ்வார் திருமாலிருஞ்சோலை இறைவனை வஞ்சகக் கள்வனாகவே பாடியிருக்கிறார். உயிரைக் கவர்ந்துகொள்ளும் கள்வன் என்னும் படிமம் வைணவ உரை மரபில் விரிவாகப் பேசப்பட்டது. எனவே ‘கள்ளன்’ என்னும் அடைமொழி பாசுர மரபில் முன்பே இருந்து, பிற்காலத்தில் ஒரு சமூகத்தின் பெயரோடு ஒலியொப்புமையால் இணைந்திருக்கலாம். அன்றிச் சமூக உறவிலிருந்து எழுந்த பெயருக்குப் பாசுர மரபு ஏற்புடைமை அளித்திருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கால ஒழுங்குகளை வேண்டுவன. முதலாவது உண்மையாயின் ‘கள்ளழகர்’ என்னும் பெயர், கள்ளர் திருக்கோலம் பற்றிய பதிவுகளுக்கு முற்பட்ட ஆவணங்களிலும் வர வேண்டும். கோயில் கல்வெட்டுகள், செப்பேடுகள், பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது போன்ற சிற்றிலக்கியங்கள், பாளையப்பட்டு ஆவணங்கள், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்ககாலப் பதிவுகள் ஆகியவற்றைக் காலவரிசையில் அடுக்கி, பெயர் முதலில் எங்கு வருகிறது, கோலம் முதலில் எங்கு வருகிறது எனப் பட்டியலிட்டாலே இவ்வினாவின் பெரும்பகுதி தீரும். கருத்து மாறுபாடு நெடுங்காலம் நீடிக்கத்தக்க வினாவன்று இது. உழைப்பை மட்டுமே வேண்டுவது.

வினா 3: தேனூர் விழா மதுரைக்கு மாறியது எவ்வாறு?

அழகர் முற்காலத்தில் அலங்காநல்லூர் வழியாகத் தேனூர் சென்று அங்கு வைகையில் இறங்கினார் என்றும், மாசியில் நிகழ்ந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர் விழாவையும் மதுரைக்குக் கொணர்ந்து இரண்டையும் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இணைத்தார் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதும், வைகைக் கரையில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கும் மண்டபம் தேனூர் மண்டபம் என்று வழங்குவதும் இச்செய்தியின் எச்சங்களாகக் காட்டப்படுகின்றன.

இவ்விழாவில் இருவேறு கதைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. கோயில் மரபின்படி அழகர் வருவது, துருவாசரின் சாபத்தால் தவளையாகிய சுதபசு முனிவருக்கு விமோசனம் அளிக்க. மக்கள் மரபின்படி அவர் வருவது தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு. தாமதமாக வந்ததால் சினந்து நகருக்குள் நுழையாமல் திரும்புகிறார். ஆனால் மீனாட்சி கோயில் சடங்கில் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். தமையனுக்குரிய இடம் சடங்கில் முன்னரே நிரப்பப்பட்டுவிட்டது. அழகருக்கு அவ்விடத்தை அளித்தது மக்களின் கதை. டென்னிஸ் ஹட்சன், 1982இல் வெளிவந்த கட்டுரையில், மதுரையில் நிகழ்வன இரு சித்திரை விழாக்கள் என்பதை முதன்மைப்படுத்தி ஆராய்ந்தார். தொ. பரமசிவனின் ஆய்வேடு இப்பழமரபுக் கதைகளை வர்ணிப்புப் பாடல்களோடும் அடியார்களின் சமூகப் பின்புலத்தோடும் இணைத்துக் கண்டது. ஒருவர் இரு கோயில்களின் சமயக் கட்டமைப்பிலிருந்தும், மற்றவர் ஆற்றங்கரையில் கூடும் உழுகுடி மக்களிலிருந்தும் ஒரே விழாவை அணுகினர் எனலாம்.

இங்கு எஞ்சும் வினாக்கள் இரண்டு. முதலாவது, மாற்றத்தின் காலமும் காரணமும். சைவ வைணவ ஒற்றுமை என்னும் விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் அறுவடை முடிந்த பருவத்தில் உழவர் கூட்டத்தைத் தலைநகருக்கு ஈர்த்தல், பெருந்தேர்களை இழுக்க ஆள்வலிமை பெறுதல், சந்தையும் வணிகமும் பெருகுதல் ஆகிய அரசியல் பொருளியல் காரணங்களும் அதே அளவு பொருத்தமானவை. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குத் திருமலை நாயக்கர் காலத்துக் கல்வெட்டுகள், மதுரைக் கோயிலின் தானிகர் வரலாறு, மதுரைத் திருப்பணி மாலை, மெக்கன்சி தொகுப்புச் சுவடிகள், இயேசு சபையினரின் மதுரை மறைப்பணிக் கடிதங்கள் ஆகியன ஒருசேர ஆராயப்பட வேண்டும். 1606 முதல் மதுரையில் நிலைகொண்ட இயேசு சபையினர் ஆண்டுதோறும் கடிதங்கள் எழுதியவர்கள். நகரின் பெருவிழா ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்திற்கு மாறியிருந்தால் அக்கடிதங்கள் அதனைச் சுட்டியிருக்க வாய்ப்புண்டு. சுட்டாவிடினும் அம்மௌனம் கருதத்தக்கதே.

இரண்டாவது, தங்கை திருமணக் கதையின் வயது. விழாக்கள் இணைந்தபின் அக்கதை தோன்றியதா, முன்பே வழங்கிய கதையே இணைப்பை எளிதாக்கியதா என்பது வர்ணிப்புப் பாடல்களின் பதிப்பு வரலாற்றோடு தொடர்புடையது. குசிலி அச்சு நூல்களாக வெளிவந்த அழகர் வர்ணிப்புகளையும் வாய்மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு, கதைக்கூறுகள் எவ்வடிவத்தில் முதலில் வருகின்றன என்று காணும் பாட ஒப்பீட்டாய்வு இதற்குத் தேவை.

வினா 4: வண்டியூரில் துலுக்க நாச்சியார்

வைகையில் இறங்கிய அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் இரவு தங்குகிறார். அவர் அங்குத் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்பது மக்கள் வழக்கு. இவ்வழக்கைத் தொ. பரமசிவன் ஆய்வேட்டிலும் ‘அறியப்படாத தமிழக’த்திலும் எடுத்துக்கொண்டு, சமயங்களுக்கிடையே மக்கள் கண்ட இணக்கத்தின் சான்றாகக் காட்டினார். சமயப் பகைமை பெருகிய காலத்தில் இவ்வாசிப்புக்குப் பொதுவெளியில் கிடைத்த வரவேற்பு இயல்பானது.

ஆயின் துலுக்க நாச்சியார் வழக்கு மதுரைக்கு மட்டும் உரியதன்று. திருவரங்கத்தின் கோயிலொழுகு தில்லிச் சுல்தானின் மகள் அரங்கனின் திருமேனிமீது காதல் கொண்டு பின்தொடர்ந்த கதையைக் கூறுகிறது. கருநாடகத்து மேல்கோட்டையில் இக்கதை இராமானுசரோடு இணைந்து பீபி நாச்சியாராக வழங்குகிறது. ரிச்சர்ட் டேவிசு தமது நூலில் (1997) இந்தியத் திருமேனிகள் கவரப்பட்டு மீளும் கதைகளை ஒரு வகைமையாகவே ஆராய்ந்துள்ளார். இவ்வகைமைக் கதைகளில் இணக்கம் மட்டுமன்றி வெற்றி பற்றிய உரிமைகோரலும் உள்ளுறைந்திருக்கிறது. படையெடுத்தவனின் மகளே நம் தெய்வத்தின் அடிமையானாள் என்பது தோற்றவர் சொல்லும் வெற்றிக் கதையாகவும் அமையக்கூடும். 14ஆம் நூற்றாண்டில் சுல்தான்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மதுரையில் இக்கதை எப்பொருளில் வழங்கியது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கத்தக்கதன்று.

எனவே இங்கு வினா மூன்று கூறுகளாகப் பிரிகிறது. திருவரங்கத்து வைணவ ஆசாரிய மரபு வழியாக இக்கதை வண்டியூருக்கு வந்ததா, மக்களிடையே தனியாகத் தோன்றியதா என்பது முதலாவது. அழகர் கதையில் நாச்சியார் மனைவியாகவன்றி மணச்சடங்கு பெறாத துணையாகப் பேசப்படுவது, திருவரங்க மரபிலிருந்து வேறுபடுவதன் பொருள் என்ன என்பது இரண்டாவது. வண்டியூரிலும் சூழவுள்ள ஊர்களிலும் வாழும் இசுலாமியர் இக்கதையை எவ்வாறு கூறுகின்றனர் என்பது மூன்றாவது. மூன்றாம் கூறு மிக முதன்மையானது. இணக்கம் என்பது இரு தரப்புச் செய்தி. ஒரு தரப்பின் கதையை மட்டும் கொண்டு அதனை நிறுவ இயலாது.

சிறுகட்டுரைகளின் மூன்று கருதுகோள்கள்

அழகர் கோயில் ஆய்வில் கருதுகோளுக்குப் பின்னே சான்றுத் தொகுதி உண்டு. சிறுகட்டுரைகளில் அது வாசகரின் அனுபவத்திடம் விடப்படுகிறது. இவ்வேறுபாட்டை மூன்று எடுத்துக்காட்டுகள் காட்டும்.

முதலாவது, ‘சம்பளம்’ என்னும் சொல். சம்பா நெல்லும் அளமாகிய உப்பும் கூலியாக வழங்கப்பட்டதால் சம்பளம் என்னும் சொல் பிறந்தது என்னும் விளக்கம் அவருடைய எழுத்தின் வழியே பெரிதும் பரவியது. இலத்தீன் மொழியில் ஊதியத்தைக் குறிக்கும் சொல் உப்போடு தொடர்புடையதாக இருப்பது இவ்விளக்கத்திற்குக் கவர்ச்சி சேர்த்தது. எனினும் பாலி, வடமொழி ஆகியவற்றில் வழிச்செலவுக்குரிய உணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் சொல் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இச்சொல் ஊதியப் பொருளில் வழங்குகிறது. தமிழுக்குரிய இரு சொற்களின் கூட்டு என்று கொண்டால் இப்பரவலை விளக்க வேண்டும். நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டது சமூக வரலாற்றுச் செய்தி. சொல்லின் பிறப்பு மொழியியல் செய்தி. முன்னது உண்மையாக இருப்பதால் பின்னது உண்மையாகிவிடாது.

இரண்டாவது, பல்லாங்குழி. சமமாகப் பகிர்ந்து தொடங்கும் ஆட்டம், ஒருவர் எல்லாம் இழக்க மற்றவர் எல்லாம் பெறுவதில் முடிவதைக் கொண்டு, தனியுடைமைச் சமூகத்தின் தோற்றத்தை இவ்விளையாட்டில் வாசித்தது அவருடைய நுண்மையான பார்வைகளுள் ஒன்று. ஆனால் குழிகளில் காய்களை விதைத்துக் கவரும் விளையாட்டுகள் ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா எனப் பரந்த நிலப்பரப்பில் ஆடப்படுகின்றன. சொத்துடைமை முறைகள் வேறுபட்ட சமூகங்களிலும் ஒரே விதிகள் வழங்குமாயின், விளையாட்டின் விதி சமூக அமைப்பின் நேர்ப்படி என்னும் கருத்தைத் திருத்த வேண்டியிருக்கும். தமிழகத்திற்குள்ளேயே வட்டார வேறுபாடுகளைத் தொகுத்து, பொருள் இழந்தவர்க்குக் கடன் தரும் விதிகள் எங்கெங்கு உள்ளன எனக் காண்பது இவ்வாசிப்பைச் சோதிக்கும் எளிய வழி.

மூன்றாவது, கறுப்பு நிறம் பற்றிய கட்டுரை. கறுப்பு இழிவாகக் கருதப்பட்டதைப் பிறமொழி ஆட்சியாளரின் வருகையோடு, குறிப்பாக விசயநகர ஆட்சியோடு அவர் இணைத்தார். தீபாவளி பற்றிய அவருடைய கருத்திலும் அதே காலகட்டமே திருப்புமுனை. மதுரையை மையமாகக் கொண்டு தமிழ்ப் பண்பாட்டைக் கண்ட ஒருவர்க்கு நாயக்கர் ஆட்சி பெரும் மாற்றமாகத் தோன்றுவது இயல்பு. இன்றைய மதுரையின் விழாக்களும் மண்டபங்களும் கோபுரங்களும் அக்காலத்தின் முத்திரையைத் தாங்கியவை. ஆயின் வேறுபட்ட பண்பாட்டு மாற்றங்கள் அனைத்திற்கும் ஒரே காலகட்டம் விடையாகும்போது, அது விளக்கமாக நிற்கிறதா, வாய்பாடாக மாறிவிட்டதா என்று வினவ வேண்டும். சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலும் சிற்றிலக்கியங்களிலும் இம்மாற்றங்களின் முன்தடங்களைத் தேடிய பின்னரே அவ்வாய்பாட்டை ஏற்கவோ மறுக்கவோ இயலும்.

மறுகள ஆய்வின் தேவை

தொ. பரமசிவனின் ஆய்வேட்டுக்கு இன்று புதியதொரு பயன் உண்டு. அவர் களத்தில் கண்ட 1970களின் அழகர் விழாவே இன்று வரலாறாகிவிட்டது. அடியார்கள் மாட்டுவண்டி கட்டி வந்து ஆற்றங்கரையில் தங்கிய முறை மாறியுள்ளது. தொலைக்காட்சி நேரலையும் காவல்துறை ஒழுங்குமுறையும் விழாவின் வடிவத்தைப் பாதிக்கின்றன. வர்ணிப்புப் பாடல் ஒலிபெருக்கிக்கும் ஒலிநாடாவுக்கும் அதன்பின் கைப்பேசிக்கும் இடம்பெயர்ந்துள்ளது. சமயத்தார் மரபு எவ்வூர்களில் தொடர்கிறது, எவ்வூர்களில் அற்றுப்போயிற்று, விழாவில் பங்குபெறும் சாதியினரின் உரிமைகளும் உரிமைக் கோரிக்கைகளும் எவ்வாறு மாறியுள்ளன என்பவற்றை, அவர் கள ஆய்வு செய்த அதே ஊர்களிலும் அதே வகைப்பாட்டிலும் மீண்டும் ஆராய்ந்தால், ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரு தமிழ்ப் பெருவிழா அடைந்த மாற்றத்தை அளந்தறிய இயலும். இத்தகைய ஒப்பீட்டுக்கு அடித்தளம் அமைந்த தமிழ்க் கோயிலாய்வுகள் மிகச் சிலவே. அழகர் கோயில் ஆய்வேடு அவற்றுள் ஒன்று என்பதே அதன் முறையியலுக்குரிய உயர்ந்த மதிப்பீடு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன புலனாகின்றன. அழகர் கோயிலைச் சூழ்ந்த சமூக உறவுகள் பற்றிய தொ. பரமசிவனின் விளக்கம் கள ஆய்வின் வலிமையால் நிலைபெறுகிறது. பௌத்தத் தோற்றம் பற்றிய கருதுகோள், பரிபாடல் சான்றையும் அழகர்மலைச் சமணச் சான்றையும் எதிர்கொள்ளாதவரை ஊகமாகவே எஞ்சும். கள்ளழகர் பெயர், தேனூர் விழாவின் மாற்றம் ஆகிய இரண்டும் ஆவணங்களால் தீர்க்கத்தக்க வினாக்கள். துலுக்க நாச்சியார் வழக்கு, ஒப்பீட்டு நோக்கையும் இருதரப்புக் கள ஆய்வையும் வேண்டுவது. சிறுகட்டுரைகளின் கருதுகோள்களைச் சான்றாக எடுத்தாளுமுன் மொழியியல், ஒப்பீட்டு இனவரைவியல், கல்வெட்டியல் ஆகியவற்றால் சோதிக்க வேண்டும்.

கேட்கப்படாதிருந்த வினாக்களைக் கேட்கச் செய்தது அவருடைய பெரும்பணி. தலபுராணத்தையும் கல்வெட்டையும் மட்டும் நோக்கியிருந்த ஆய்வாளரை ஆற்றங்கரைக் கூட்டத்தை நோக்கித் திருப்பியவர் அவர். மயிலை சீனி. வேங்கடசாமியின் ஒரு குறிப்பை எடுத்துத் தம் களச் சான்றுகளோடு வளர்த்துச் செல்ல முயன்றதைப் போலவே, அவருடைய குறிப்புகளையும் அடுத்த தலைமுறை வளர்க்கவோ திருத்தவோ மறுக்கவோ வேண்டும். அவருடைய கூற்றை மேற்கோளாக எழுதி முடிக்கும் ஆய்வேட்டைக் காட்டிலும், அக்கூற்றைச் சோதிக்கத் தேனூருக்கும் வண்டியூருக்கும் கிடாரிப்பட்டிக்கும் செல்லும் ஆய்வேடே அவருடைய மரபைச் சேர்ந்ததாகும்.